பனியன் நகரத்தில் ஒரு பருத்திச் செடி

காலை எட்டரை மணி. அதுவரை மொபெட்டுகளும் கம்பெனி வேன்களுமாய் நெரிந்து கிடந்த திருப்பூரின் சந்துகள் சட்டென்று வெறிச்சோடிப் போகின்றன. ஆயிரமாயிரம் இயந்திரங்கள் ஒரே வேளையில் உறுமத் தொடங்குகின்றன. ஓவர்லாக் டெய்லர், கைமடிப்பவர், செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர், பேக்கிங் செய்கிறவர் என எல்லாரும் அவரவர் இடத்தில் அமர்ந்துவிட்டனர். இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிப்டு முடியும். சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வரும்.

இந்நகரில் இன்னொரு ஷிப்டும் உண்டு. அதற்கு மணி இல்லை. வார விடுமுறை இல்லை. சனிக்கிழமைக் கூலியும் இல்லை. படுத்த படுக்கையான மாமனாருக்குக் கஞ்சி புகட்டும் மருமகள், பேச்சிழந்த கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் மனைவி, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையைக் குளிப்பாட்டி உடுத்தும் தாய், வேலையை விட்டுவிட்டு அன்னையின் அருகிலேயே அமர்ந்துவிட்ட மகன் ஆகியோர் பார்க்கும் ஷிப்டு அது. உலகுக்கே உடை தைத்துத் தரும் இந்த ஊரில் அவர்களுடைய உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அவர்களுக்காகவே இதனை எழுதத் துணிந்தோம். நாங்களும் அந்த ஷிப்டில் இருப்பவர்களே.

மடை திருப்ப வேண்டும்

எங்கள் அம்மா காங்கயத்துக்குத் தெற்கே, கிணற்றுப் பாசனத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். கொங்கு நாட்டில் 'தோட்டம்' என்றால் பூஞ்செடி வைக்கும் இடமன்று. கிணறும் பயிரும் உள்ள நிலம். மழையை மட்டும் நம்பியது 'காடு'. கிணற்றிலிருந்து எருதுகளைப் பூட்டி நீர் இறைக்கும் ஏற்றத்திற்குக் 'கவலை' என்று பெயர். "அந்தக் காலத்துல கவலை ஓட்டித்தான் தண்ணி பாச்சுனோம். அதுக்கப்புறம் மோட்டார் வந்துச்சு, கவலை போச்சு" என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். கவலை போயிற்று என்று எண்ணியிருந்த அந்த உள்ளத்தில், எழுபதாவது வயதைத் தாண்டியபின் வேறொரு கவலை வந்து புகுந்தது.

2019ஆம் ஆண்டு அதன் தொடக்கம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். ஜெபமாலையில் ஒரே பத்து மணியை மீண்டும் மீண்டும் சொன்னார். மூக்குக் கண்ணாடியை அரிசிப் பானையில் வைத்தார். வயதானால் மறதி இயல்புதானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து இயந்திரங்கள் எல்லாம் நின்றபோது, நாள் முழுதும் ஒரே கூரையின்கீழ் இருக்க நேர்ந்தது. அப்போதுதான் உண்மை தெரிந்தது. பெற்ற மகனின் பெயரே சில நாட்கள் அம்மாவின் நாவுக்கு வரவில்லை.

மருத்துவர் சோதித்து, 'மறதி நோய்' என்றார். டிமென்ஷியா என்று சொல்லப்படும் இது முதுமையின் இயல்பன்று, மூளையின் நோய். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று 2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதாவது நூறு முதியோரில் ஏழு பேருக்குச் சற்று மேல். அப்படியெனில் நம் பங்கிலும் இத்தகைய இல்லங்கள் பல இருத்தல் வேண்டும். நாம்தான் அவற்றை அறிவதில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, உள்ளேயே புழுங்குகிறோம்.

இரவுகள்தாம் கொடியவை. நள்ளிரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து கதவைத் தட்டுவார். "மடை திருப்போணும் கண்ணு, கதவைத் தெற. தண்ணி பூரா வீணாப் போகுது" என்பார். "இங்கே மடையும் இல்லை, வாய்க்காலும் இல்லை அத்தை, படுங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் ஐந்து நிமிடத்தில் மீண்டும் எழுவார். அரை நூற்றாண்டுக்கு முன் ஓடிய தண்ணீர் அவருடைய காதில் ஓடிக்கொண்டேயிருந்தது.

தாழ்ப்பாள்

எங்களுடையது லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. முன்புறம் நான்கடி அகல வராந்தா. பொதுக் குழாய். மேலே செல்லும் இரும்பு மாடிப்படி. 2021இல் எங்களில் ஒருவர் பவர் டேபிள் வேலையை விட்டு வீட்டில் நின்றோம். ஒரு சம்பளம் குறைந்தது. மருந்துச் செலவு ஏறியது.

ஒரு நாள் மாலை. அம்மா அன்று மூன்றாம் முறையாக உடையை நனைத்திருந்தார். பிள்ளைகளுக்கு மறுநாள் தேர்வு. தட்டில் வைத்த உணவை அம்மா தரையில் கொட்டி, விரலால் வாய்க்கால் போலக் கீறிக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவர் அம்மாவின் தோளைப் பற்றி வன்மையாக உலுக்கி, அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டோம். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று ஒருவர், மற்றொரு நாள் மற்றவராகவும் இருந்திருக்கக் கூடும்.

உள்ளே அழுகை கேட்டது. வெளியே வராந்தாவில், குழாயடியில் போய் அமர்ந்தோம். இத்தனை ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் வந்த கைகளா இவை என்று எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்புடன் தொடங்கிய பணிவிடை, ஓய்வே இல்லாமற் போகும்போது எப்படிக் கசந்து போகிறது என்பதை அன்று கண்டோம்.

அந்தக் குழாயடியில், சாக்கடைக் கல்லின் இடுக்கில் ஒரு தக்காளிச் செடி முளைத்திருந்தது. பாத்திரம் கழுவிய நீரில் விழுந்த விதையாக இருக்கலாம். யாரும் வைக்கவில்லை; யாரும் நீர் ஊற்றவில்லை. அது ஏதோ பேருண்மையை எங்களுக்குப் போதித்தது என்று சொல்ல வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடமும் எங்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை, அவ்வளவே. அந்தப் பத்து நிமிடத்தில் மூச்சு சீரானது. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தோம். அம்மாவை அழைத்து வந்து அச்செடியின் பக்கத்தில் உட்கார வைத்தோம். அம்மா அதைப் பார்த்தார். அடியிலிருந்த மஞ்சளான இலை இரண்டைக் கிள்ளி எறிந்தார். தண்டைச் சற்றே நிமிர்த்தி, "ஒரு குச்சி ஊனு கண்ணு, சாஞ்சிரும்" என்றார்.

எட்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் பொருளுள்ள சொல் அது.

சன்னலுக்கு வெளியே ஒரு மரம்

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த விந்தையா? அன்று. நோயுற்றோர்க்கும் பசுமைக்கும் உள்ள உறவை உலகம் நெடுங்காலமாக அறியும். செவிலியர் பணிக்கு வழிகாட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1859இல் வெளியிட்ட நூலிலே, மலர்களின் நிறம் நோயாளியின் உடலுக்கே நன்மை செய்கிறதென வற்புறுத்தியிருக்கிறார். தாம் காய்ச்சலில் கிடந்தபோது யாரோ அனுப்பிய காட்டுப் பூங்கொத்து ஒன்றைக் கண்ட பின்னரே விரைவாக நலம் பெற்றதாகவும் குறித்துள்ளார்.

அதனை அளந்து பார்த்தவர் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர். பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் குறிப்பேடுகளை அவர் ஒப்பிட்டார். பாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். மறுபாதிப் பேருக்குச் செங்கற் சுவர். மற்றபடி வயது முதலியவற்றில் இருசாராரும் ஒத்தவர்கள். மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ எட்டு நாளில் வீடு திரும்பினர். சுவரைப் பார்த்தவர்களுக்கு மேலும் முக்கால் நாள் தேவைப்பட்டது. கடுமையான வலி மருந்துகளும் முன்னவர்க்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பின், மருத்துவமனைகளில் தோட்டம் அமைப்பது பல நாடுகளில் பரவலாயிற்று.

மறதி நோயாளர்க்கு இன்னொரு காரணமும் உண்டு. நேற்று நடந்ததையும் பிறர் பெயரையும் காக்கும் நினைவு முதலில் அழிகிறது. கை பழகிய வேலைகளின் நினைவு மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது; அது நெடுநாள் நிலைக்கிறது. ஆகவேதான் பேரனை அறியாத பாட்டி பூத்தொடுக்க மறப்பதில்லை. அம்மாவின் நாவு மறந்ததை அம்மாவின் விரல்கள் மறக்கவில்லை.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தோட்டம் இந்நோயைக் குணப்படுத்தாது. மருந்துக்கு மாற்றாகவும் ஆகாது. அது தருவது ஆறுதல். நோயுற்றவர்க்கு ஒரு வேலை, பார்த்துக்கொள்பவர்க்கு ஒரு மூச்சு. இதற்கு மேல் எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவர்.

உப்புத் தண்ணீர்

மறு வாரமே ஐந்து பைகளில் மண் நிரப்பி வராந்தா ஓரத்தில் வைத்தோம். "இதென்ன?" என்றார் அம்மா. "தோட்டம்" என்றோம். அம்மா நெடுநேரம் சிரித்தார். கிணறும் கவலையும் கண்டவருக்கு ஐந்து பை ஒரு தோட்டமா!

அவர் சிரித்ததுபோலவே முதல் முயற்சி தோற்றது. முளைத்த அவரை இலையோரம் கருகிப் பதினைந்து நாளில் மாண்டது. காரணம் தண்ணீர். திருப்பூர்வாசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பிற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறையச் சேர்க்க வேண்டும். சாயம் துணியில் ஏறும். உப்போ கழிவு நீரோடு வெளியேறும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல் ஆறு பல்லாண்டுகள் அக்கழிவைச் சுமந்தது. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, உழவர் அஞ்சும் சாய நீர்த் தேக்கமாக மாறியது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரைச் சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையைக் கைக்கொண்ட பட்டறைகள் பின்னர்ப் படிப்படியாக இயங்கத் தொடங்கின. ஆனால் நிலத்துள் இறங்கிய உப்பு அத்தனை எளிதில் நீங்குமா? எங்கள் ஆழ்துளைக் குழாயில் இன்றும் உப்புத் தண்ணீரே வருகிறது. குடிநீர்க் குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை வரும் ஆற்று நீரைச் செடிக்கு ஊற்ற மனம் வருமா?

ஆகவே அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் சேர்த்து வைத்தோம். மழை பெய்தால் கூரை நீரைக் குடங்களில் பிடித்தோம். உப்பைத் தாங்கும் செடிகள் எவை என்று வேளாண்மை அறிந்த ஒருவரிடம் கேட்டோம். "அவரை, பீன்சு எல்லாம் தாங்காது. பீட்ரூட், பாலக் கீரை தாங்கும். எல்லாத்தையும்விட நல்லாத் தாங்குறது பருத்திதான்" என்றார் அவர்.

பருத்தி!

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நூலும் துணியுமாகவே பிழைக்கும் ஊர் இது. எங்கள் வீட்டுச் சோறு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து எல்லாம் பருத்தியிலிருந்து வருபவை. எனினும் எங்கள் பிள்ளைகள் பருத்திச் செடியைக் கண்டதேயில்லை. கோன்களில் நூலாகவும், உருளைகளில் துணியாகவும், மூட்டைகளில் கட்டிங் வேஸ்டாகவுமே அவர்கள் அதனை அறிவர்.

அம்மாவின் பருத்தி

2022 ஆவணி மாதம். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இறவைப் பருத்தி விதைக்கும் பருவம் அது. மாட்டுத் தீவனக் கடையில் ஒரு பிடி பருத்திக்கொட்டை வாங்கி வந்து அம்மாவின் முன் வைத்தோம். அம்மா ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். பிறகு, "சாணி கொண்டா" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து சாணம் வாங்கி வந்தோம். அம்மா அதை நீரில் கரைத்து, கொட்டைகளை அதிலிட்டுத் தரையில் தேய்த்தார். விதையைச் சுற்றியிருந்த பஞ்சு மயிர் படிந்து, விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உருண்டு பிரிந்தன. பஞ்சு மயிர் படிந்தால்தான் விதை எளிதில் நீரை உறிஞ்சும். விதைக்கவும் தோதாக இருக்கும். பழைய உழவர் வழக்கம் இது. எங்கள் பெயரை அறியாத அம்மா, இதை ஒரு பிழையுமின்றிச் செய்து முடித்தார்! பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தனர். அதுவரை பாட்டியிடம் போக அஞ்சிய இளையவன், அன்று பாட்டியின் பக்கத்திலேயே அமர்ந்து கைகளைச் சாணத்தில் தோய்த்தான்.

மூன்று பழைய பெயிண்டு வாளிகளில் விதை ஊன்றினோம். ஐந்தாம் நாள் முளைத்தது. அன்றிலிருந்து அம்மாவுக்குக் காலையில் ஒரு வேலை கிடைத்தது. குவளையில் நீர் மொண்டு ஊற்றுவார். ஊற்றியதை மறந்து மீண்டும் ஊற்றுவார். ஆதலால் வாளியின் அடியில் துளைகளை அதிகமாக்கினோம். பெரிய குவளைக்குப் பதில் சிறியதைக் கொடுத்தோம். இரவில் "மடை திருப்போணும்" என்று எழும்போது, "இப்பத்தான் திருப்பிட்டு வந்தோம் அம்மா, வேரு நனைஞ்சிருச்சு" என்போம். காலையில் வாளியைத் தொட்டுப் பார்த்த ஈரம் விரலில் எங்கோ நினைவிருந்ததோ, என்னவோ! பல இரவுகளில் அம்மா தலையசைத்துப் படுத்துக்கொண்டார். எல்லா இரவிலும் அன்று. ஆனால் வாரத்தில் நான்கு இரவு தூங்குவது என்பது, தூங்காதவர்க்கு எத்தனை பெரிய கொடை!

ஐப்பசியில் பூத்தது. காலையில் வெண்மஞ்சளாய் மலரும் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகி வாடும். பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் எழுந்ததும் ஓடிப் பார்த்தனர். லைன் வீட்டார் அனைவரும் வந்து பார்த்தனர். இருபது ஆண்டுகளாகத் துணி வெட்டும் ஒரு மாஸ்டர், "பருத்திப் பூ இப்படியா இருக்கும்?" என்று வியந்து நின்றார். தை மாதம் காய்கள் வெடித்தன. அம்மா மூன்று விரல்களைக் குவித்து, சருகு ஒட்டாமல், ஒரே இழுப்பில் பஞ்சைப் பறித்து மடியில் இட்டுக்கொண்டார். மூன்று செடிகளில் கிடைத்தது இரு கையளவு. அன்று அம்மா யாரிடமும் வழி கேட்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழவும் இல்லை. வீட்டில்தான் இருந்தார்.

செய்ய விரும்புவோர்க்கு

இத்தகைய இல்லங்களில் தோட்டம் வைக்க எண்ணுவோர்க்கு நாங்கள் பட்டறிந்த சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, சிறிதாகத் தொடங்குங்கள். ஐம்பது பைகள் வைத்தால் அதுவே இன்னொரு சுமையாகிவிடும். பணிவிடை செய்பவர்க்குப் புதிதாக ஒரு கடமை தேவையில்லை. மூன்று பை போதும். வெந்தயத்தை விதைத்தால் நான்கு நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் கீரையாகும். சிறுகீரை ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். விரைவில் பலன் தருவதே சோர்ந்த மனத்திற்கு ஏற்றது.

இரண்டாவது, மண். இரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு. நார்க் கழிவிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், மழைக்காலத்தில் பையை வெளியே வைத்து, மண்ணில் தேங்கிய உப்பு கீழே வடிந்து போகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, நம் ஊரின் தனிச் செல்வமான பனியன் துண்டுகள். தக்காளி, பாகல் முதலியவற்றைக் குச்சியோடு கட்ட இவற்றை மிஞ்சிய கயிறில்லை. இழுத்தால் நீளும், தண்டை அறுக்காது. சாயம் ஏறாத வெள்ளைப் பருத்தித் துண்டுகளை மண்ணின் மேல் பரப்பினால் ஈரமும் காயாது. பாலியெஸ்டர் கலந்த துண்டுகள் மக்குவதில்லை. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. மறதி நோயாளர் கையில் கிடைத்ததை வாயில் இடக்கூடும். அரளி, ஊமத்தை போன்ற நச்சுச் செடிகள் வீட்டருகே வேண்டா. பூச்சி மருந்து அறவே கூடாது. மிளகாய்ச் செடியும் வேண்டா. தொட்ட கையைக் கண்ணில் வைத்துவிடுவர். நீர் சிந்திய தரை வழுக்கும். உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் பைகளை வையுங்கள். வெயில் ஏறுமுன் காலையிலும், தாழ்ந்தபின் மாலையிலும் மட்டும் வெளியே அமர்த்துங்கள். கண் மங்கியவர்க்கு மணமே துணை. துளசி, கற்பூரவல்லி, மரிக்கொழுந்து ஆகியவற்றின் இலையைக் கசக்கி அவர்கள் கையில் கொடுங்கள்.

ஐந்தாவது, செடி மாண்டால் மனம் உடையாதீர்கள். எங்களுடையவை பாதி மாண்டன. அது உங்கள் குற்றமன்று. நீங்கள் பேணுகிறவர் நாளுக்கு நாள் தளர்வதும் உங்கள் குற்றமன்று. இவ்விரண்டாவதைச் சொல்லிக்கொள்ள, முதலாவதில் பழகிக்கொள்வது நல்லது.

ஒரு மணி நேரம்

2023 சனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு மூதாட்டி எங்களிடம் வந்தார். நோயாளிகளைச் சந்திக்கும் குழுவோடு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்துச் சென்றவர். "இன்னிக்கு நான் போய் உங்க அம்மாகூட உக்காந்துக்கறேன். நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டு எங்காவது போயிட்டு வாங்க" என்றார். எங்காவது! அச்சொல்லை நாங்கள் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டதில்லை.

ஊத்துக்குளி சாலைப் பக்கமுள்ள நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். பழைய பாசனக் குளம் அது. நல்லாற்றின் நீரைப் பெறுவது. தொழில் நகரின் விளிம்பில், ஏறத்தாழ 125 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. பறவை ஆர்வலர்கள் பல்லாண்டுகள் அதனைக் காத்து, கண்ட பறவைகளையெல்லாம் பதிவு செய்து வந்ததன் பயனாக, 2022இல் தமிழகத்தின் பதினேழாவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து பறந்துவரும் வரித்தலை வாத்துகள் இங்கே தங்குகின்றன. அன்று கரையில் நின்று, பிள்ளைகள் நாரைகளை எண்ணினர். எண்ணிக்கை தவறி மீண்டும் எண்ணினர். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. நீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கத்தார் இம்மாவட்டத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டிருக்கின்றனர். ஆற்றையும் நிலத்தையும் கெடுத்த ஊர் என்று பழி சுமந்த ஊர், தன் கைகளாலேயே மரம் நடுகிறது. கெட்டது முழுதும் மீளாது, ஆயினும் நடுகிறார்கள். நோயுற்ற இல்லத்தில் பணி செய்வோர்க்கு இந்த மனநிலை நன்கு விளங்கும்.

வீடு திரும்பினோம். அந்த மூதாட்டியும் அம்மாவும் வராந்தாவில் அமர்ந்து, பறித்த பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தனர். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பங்குக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். செடி ஆறுதல் தரும், மெய்தான். ஆனால் அண்டை வீட்டார் செய்ய வேண்டியதைச் செடி செய்யாது. நோயுற்றவர் உள்ள வீட்டுக்குப் போகும்போது பழங்களோடு ஒரு மணி நேரத்தையும் கொண்டு செல்லுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால் "வேண்டாங்க, பரவாயில்லை" என்றே விடை வரும். ஆகவே கேளாதீர்கள். "செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வருகிறேன், ஐந்து மணி வரை இருப்பேன், நீங்கள் வெளியே போய் வாருங்கள்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வாருங்கள்.

உள்ளங்கையில்

2024இல் அம்மா முற்றிலும் படுக்கையானார். இப்போது பேச்சு இல்லை. விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. நகங்கள் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகும் நிலை. உள்ளங்கையில் மெல்லிய உருளை ஒன்றை வைத்தால் புண் வராது என்று செவிலியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

அம்மா பறித்த பஞ்சு ஒரு பையில் அப்படியே இருந்தது. வெள்ளைப் பனியன் துண்டு ஒன்றைச் சிறு குழாயாகத் தைத்து, அப்பஞ்சை உள்ளே அடைத்தோம். இரு கைக்கும் இரண்டு உருளைகள். அவற்றை இப்போது அம்மா பற்றிக்கொண்டிருக்கிறார். வாளிகளைச் சன்னலுக்கு வெளியே, கட்டிலிலிருந்து தெரியும்படி வைத்திருக்கிறோம். அம்மா பார்க்கிறாரா என்று அறியோம். நாங்கள் பார்க்கிறோம். இரவு இரண்டு மணிக்கு இப்போது அம்மா எழுவதில்லை. புரட்டிப் படுக்க வைக்க நாங்கள்தாம் எழுகிறோம். அப்போது சன்னல் வழியே கை நீட்டி மண் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

எஞ்சிய கொட்டைகளை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். திருப்பூரில் இப்போது இன்னும் பதினொரு வீட்டு வாசலில் பருத்தி நிற்கிறது. உங்கள் வாசலிலும் ஒன்று நிற்கட்டும். அதற்கு நீர் ஊற்றும் அந்த ஐந்து நிமிடம் உங்களுடையதாக இருக்கட்டும்.